பீங்கானில் படியாத கறை

அழகிய பொருளைப் பூட்டி வைத்துப் போற்றுவது சிறப்பா, நாளும் எடுத்துப் புழங்குவது சிறப்பா? சாலைக் கடைத்தெருவில் அடுக்கி வைத்த பீங்கான் கோப்பைகளைக் காணுந்தோறும் இவ்வினா நம் உள்ளத்தில் எழுகின்றது.

பீங்கான் நமக்கு அயற்பொருளன்று. அதற்குரிய வெண்களிமண் இம்மாவட்டத்துத் தோன்னக்கல்லிலேயே கிடைக்கின்றது. குண்டறையில் 1937-இல் திருவிதாங்கூர் அரசு பீங்கான் தொழிற்சாலை நிறுவிற்று. வனைந்த மண் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேகும்போது, அதன் மேற்பூச்சு உருகிக் கண்ணாடியாகின்றது. ஆதலின் கறை உள்ளே புகுவதில்லை. ஒருவர் பருகிய கோப்பை, கழுவியதும் அடுத்தவருக்குப் புதியதே. எவர்சில்வர் டம்ளரைப் போல் அது உதட்டைச் சுடுவதுமில்லை.

இத்தகைய கலத்தை நம்மவர் எவ்வாறு ஆள்கின்றனர்? பூவேலைக் கோப்பை விருந்தினருக்கென அலமாரியில் உறங்குகின்றது. வீட்டு வேலைக்கு வரும் அம்மையாருக்கோ விளிம்பு உடைந்த கோப்பை. அதுவும் தனியே கவிழ்த்து வைக்கப்படுகின்றது. தமிழகச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளை முறையைக் கேட்டு வெகுளும் இல்லங்களிலும் இது நிகழ்கின்றது. 1936-இல் திருவிதாங்கூர் அரசின் கோயில்கள் இந்துக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன. நம் அலமாரிக் கதவோ இன்னும் திறந்தபாடில்லை. பீங்கானில் படியாத கறை மனத்தில் படிந்துள்ளது.

"உடைந்துவிடுமே" என்பர் சிலர். உடையும் பொருளன்றோ மென்மையாகக் கையாளக் கற்பிக்கின்றது! புழங்கிப் பழகாத கைக்கு அம்மென்மை எவ்வாறு வாய்க்கும்?

கலத்தின் அழகு பூவேலையில் மட்டும் இல்லை. அதை யார் கையில் மனமுவந்து தருகின்றோம் என்பதிலும் இருக்கின்றது. நல்ல கோப்பையை இன்றே வெளியே எடுப்போம்; உழைத்துக் களைத்தவருக்கு முதலில் அதில் தேநீர் வழங்குவோம்.