வாங்குவோன் அறம்

தலைநகரில் பொங்கல் கழிந்து குளிர் சற்றே தளரும் வேளையில், கன்னாட் பிளேஸிலும் கரோல்பாக்கிலும் உள்ள ஆடவர் ஆடைக் கடைகளின் கண்ணாடிகளில் பெரிய சிவப்பு எழுத்துகள் தோன்றுகின்றன. ஐம்பது விழுக்காடு தள்ளுபடி. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். டிசம்பரில் விலைச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாம் மெல்ல நகர்ந்து வந்த அதே கம்பளிக் கோட்டு, பிப்ரவரியில் நம்மை அழைக்கிறது. பருத்திச் சட்டைகளோடு இரயிலேறி வந்த நம்மவர் பலருக்கு முதல் கோட்டு இவ்வாறு பருவம் முடிந்த பின்னரே வாய்த்திருக்கும். எனக்கும் அவ்வாறே வாய்த்தது.

பிப்ரவரியில் வாங்குவதை அடுத்த டிசம்பரில்தான் அணியப்போகிறோம். இடையில் சென்னைக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால், நாப்தலின் உருண்டைகளோடு பெட்டியில் உறங்குவதைத் தவிர அதற்கு வேறு வேலை இராது. வளரும் பிள்ளைக்கு வாங்குவதோ சூதாட்டமே.

கடைக்காரர் விலையைக் குறைப்பது நம்மீது கொண்ட அன்பினால் அன்று. விற்காத சரக்கு முடங்கிய முதல். அதற்கு வட்டி ஏறுகிறது. அது அடைத்துக்கொண்டிருக்கும் இடத்திற்கு வாடகை ஏறுகிறது. கோடை ஆடைகள் வாயிலில் காத்திருக்கின்றன. அடுத்த ஆண்டு கழுத்துப்பட்டையின் அகலம் மாறிவிடக்கூடும். எஞ்சிக் கிடப்பவை பெரும்பாலும் மிகச் சிறிய அளவுகளும் மிகப் பெரிய அளவுகளுமே. டில்லிக்கு வந்து பதினெட்டு ஆண்டுகளாகியும் பராத்தா என் உடம்பில் ஒட்டவில்லை. 36 அங்குல மார்பு என்ற அந்தக் குறை இக்கடைகளில் எனக்கு ஆதாயமாகவே முடிந்திருக்கிறது.

கணக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஐம்பதும் அதன்மேல் இருபதும் தள்ளுபடி என்றால் எழுபது அன்று, அறுபதுதான். 1,000 ரூபாய் முதலில் 500 ஆகி, பின்னர் அந்த 500-இல் நூறு குறைந்து 400 ஆகிறது. இரண்டுக்கு ஒன்று இலவசம் என்பது மூன்றில் ஒரு பங்குத் தள்ளுபடியே. அதுவும் ஒரு சட்டை போதும் என்று வந்தவர் மூன்று சட்டைகளோடு திரும்பினால்தான். இவற்றையெல்லாம் அலுவலகத்தில் நன்கு அறிவார்கள். புதுக் கோட்டோடு உள்ளே நுழைந்தால் நண்பர்கள் துணியை விரலால் தொட்டுப் பார்த்து விலை கேட்பார்கள். பாதி விலை என்றால் பாராட்டு. முழு விலை என்றால் இரக்கம். மலிவாக வாங்குவதை நாம் ஒரு வெற்றியாகவே கொண்டாடுகிறோம். வெற்றி என்று ஒன்று இருந்தால் தோற்றவர் ஒருவரும் இருக்கவேண்டுமல்லவா? அவர் யார்?

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும் பட்டினப்பாலை, அவர்கள் பிறர் பொருளையும் தம் பொருள்போலவே கருதினார்கள் என்றும், கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைத்துக் கொடுக்காமலும் வாணிகம் செய்தார்கள் என்றும் கூறுகிறது. இதனை விற்பவர்க்கு உரிய அறமாகவே நாம் படித்து வந்திருக்கிறோம். கொள்பவர்கள் நாமும்தான் என்பது நினைவுக்கு வருவதில்லை.

பெரிய கடைகளைப் பொறுத்தவரை என் மனம் உறுத்தவில்லை. பருவத் தொடக்கத்தில் விலைச்சீட்டு அச்சிடப்படும்போதே பருவ இறுதித் தள்ளுபடியும் கணக்கில் சேர்க்கப்படுகிறது. முழு விலை கொடுத்தவர் விரைவாக வாங்கியதற்குக் கொடுத்தார்; நாம் பொறுத்திருந்ததற்குக் குறைவாகக் கொடுக்கிறோம். இது அவருடைய திட்டத்துக்கு உட்பட்ட குறைப்பு. அதில் தோற்றவர் எவரும் இல்லை.

குளிர்காலந்தோறும் வடநாட்டு நகரங்களில் கடை விரிக்கும் திபெத்தியரின் நிலை வேறு. அவர்கள் விற்கும் ஸ்வெட்டர்கள் பெரும்பாலும் லூதியானாவில் செய்யப்படுபவை. பருவத் தொடக்கத்தில் அங்குள்ள வணிகரிடம் பலர் ஈடு எதுவுமின்றி, வாய்ச்சொல்லின் நம்பிக்கையிலேயே சரக்கைக் கடனாகப் பெறுகிறார்கள். பருவம் முடிந்ததும் கணக்கைத் தீர்க்கிறார்கள். பல ஆண்டுகளாகக் காப்பாற்றப்பட்டு வரும் நம்பிக்கை அது. ஆகவே அவர்களுக்குப் பிப்ரவரி என்பது கடன் திருப்பும் தவணை நாள்.

இதை நான் அறியாத காலத்தில் நிகழ்ந்தது இது. சில ஆண்டுகளுக்கு முன், அவ்வாறான ஒரு சந்தையில், நரைத்த தலையினரான ஓர் அம்மையாரிடம் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றுக்கு விலை கேட்டேன். 600 என்றார். ஒரே விலை என்று எழுதிய அட்டை பக்கத்தில் தொங்கியது. நான் 400 என்றேன். அவர் தலையசைத்து மறுத்தார். நான்கு அடி நடந்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும் பழைய தந்திரத்தைக் கையாண்டேன். அவர் அழைத்தார்; 450-க்கு முடிந்தது. அதனை மடித்துக் கொடுத்தபடியே, மறுநாள் கணக்குத் தீர்க்க லூதியானா போகவேண்டும் என்று இந்தியில் சொன்னார். என்னிடம் சொன்னாரா, தமக்குத்தாமே சொல்லிக்கொண்டாரா என்பது விளங்கவில்லை. அதன் பொருளைப் பின்னர் ஒருவர் விளக்கியபோதுதான் அந்த 150 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

அதே வாரத்தில்தான் குளிர்சாதனக் கடை ஒன்றில் சீட்டில் இருந்த தொகையை ஒரு சொல்லும் பேசாமல் செலுத்தி, கதவு திறந்துவிட்ட காவலருக்கு நன்றியும் சொல்லி வந்திருந்தேன். வலியவர் எழுதிய விலைக்குப் பணிந்தவன், எளியவர் எழுதிய விலையைக் கண்டதும் சாமர்த்தியசாலி ஆனேன். என்னை உறுத்துவது தொகை அன்று; இந்த மாற்றமே.

நான் வாங்காதிருந்தால் அவருக்கு அந்த 450-ம் கிடைத்திராதே என்று கேட்கலாம். உண்மைதான். பேரத்தை எதிர்பார்த்தே விலையைக் கூட்டிச் சொல்லும் நடைபாதைக் கடைகளும் உண்டு. அங்கே பேரம் பேசுவது இருவரும் அறிந்த வழக்கம். மாதச் சம்பளக்காரன் மலிவைத் தேடுவதில் இழுக்கும் இல்லை. மிச்சமாகும் பணம் ஊரிலுள்ள பெற்றோர்க்கும் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணத்துக்கும்தானே போகிறது? ஆயினும் ஒருவர் தம் கணக்கின்படி குறைப்பதும் நெருக்கடியால் குறைப்பதும் ஒன்றல்ல. முன்னதை ஏற்கலாம். பின்னதை அறிந்துகொண்டே கேட்டுப் பெறுவது கொள்வதில் மிகை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அறியமுடியாத இடங்களும் உண்டு. சரோஜினி நகர்ச் சந்தையில் குவித்து விற்கும் பனியன் சட்டைகளில், ஏற்றுமதிக்கென்று தைக்கப்பட்டு ஏதோ ஒரு தையல் பிசகினால் ஒதுக்கப்பட்டவையும், கொள்முதல் ஆணை நீக்கப்பட்டதால் தேங்கியவையும் கலந்திருக்கும். திருப்பூரில் தைக்கப்பட்டவையும் அவற்றுள் உண்டு. பீகாரிலிருந்து திருப்பூருக்குப் பிழைக்கப் போனவர் தைத்ததை, தமிழகத்திலிருந்து டில்லிக்குப் பிழைக்க வந்தவர் வாங்குகிறார். அந்த இழப்பை ஆலை முதலாளி தாங்கினாரா, தைத்தவரின் கூலி தாங்கியதா என்பது குவியலைப் பார்த்தால் தெரியாது. அதற்கும் நாம் பொறுப்பா என்பதற்கு என்னால் உறுதியாக விடை கூற இயலவில்லை.

சென்ற பிப்ரவரியில் மனைவியுடன் மறுபடியும் திபெத்தியர் சந்தைக்குப் போனேன். மகனுக்கு ஒரு ஸ்வெட்டர் தேவைப்பட்டது. 700 ரூபாய் என்றார்கள், எண்ணிக் கொடுத்தேன். திரும்பும் வழியில், மெட்ரோ இரயிலில், ஐம்பது ரூபாயாவது குறைத்துக் கேட்டிருக்கலாமே, மாதக் கடைசியில் அதுவும் உதவியிருக்குமே என்றாள் அவள். வீட்டுக் கணக்கை எழுதுபவள் அவள். அவள் சொன்னதில் தவறில்லை. ராஜீவ் சௌக் நிலையம் வந்து கூட்டத்தோடு இறங்கும்வரை எனக்கு மறுமொழி தோன்றவில்லை.