உரித்தும் அத்தாட்சியும்: விடுதிக் கழிவு பற்றிய அறநெறி

கம்பனிக் கழிவு என்பது ஒரு விடுதியும் ஒரு நிறுவனமும் முன்கூட்டியே பேசி முடித்துக்கொள்ளும் அறை வாடகை. வங்கி, காப்புறுதி, தொலைபேசிச் சேவை, தொண்டு நிறுவனம் போன்றவை தம் ஊழியரை ஆண்டு முழுவதும் ஊர் ஊராக அனுப்புகின்றன. இத்தனை இரவுகள் எங்கள் ஆட்கள் உங்களிடம் தங்குவார்கள் என்று நிறுவனம் சொல்ல, அப்படியானால் வாடகையில் இவ்வளவு குறைக்கிறோம் என்று விடுதி இணங்குகிறது. குறைத்த வாடகைக்கு ஒரு குறியீடு உண்டு. முன்பதிவின்போது அதைச் சொன்னால் குறைந்த தொகை பதிவாகும். வந்து சேர்ந்தபின் வரவேற்பு மேசையில் ஊழியர் அடையாள அட்டை, கந்தோர்க் கடிதம், நிறுவன மின்னஞ்சல் ஆகியவற்றில் ஒன்றைக் காட்டச் சொல்வார்கள். காட்ட முடியாதவரிடம் அன்றைய பொது வாடகையை அறவிடலாம் என்று விடுதிகள் பெரும்பாலும் நிபந்தனையிலேயே எழுதி வைக்கின்றன.

யாழ்ப்பாணத்தின் வடமராட்சியில் நெல்லியடி போன்ற ஓர் ஊருக்கு இது அன்றாட விடயம். தூதரக நேர்முகம், கட்டுநாயக்கா விமானம், கொழும்பில் வைத்தியம் என்று ஏதாவதொரு காரணத்துக்காகக் குடும்பங்கள் தெற்கே போய் இரவு தங்க வேண்டியிருக்கிறது. உறவினருள் ஒருவர் பெரிய நிறுவனமொன்றில் வேலை செய்தால், “தம்பியின்ர கம்பனிப் பேரில போடுங்கோ” என்ற பேச்சு இயல்பாகவே எழும். மறுபக்கம், திருவிழாவுக்கும் கலியாணத்துக்கும் கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் வருபவர்கள் யாழ்ப்பாணத்து விடுதிகளில் தங்குகிறார்கள். இலங்கையின் பல விடுதிகள் உள்நாட்டவருக்கு ரூபாவில் ஒரு வாடகையும் வெளிநாட்டவருக்கு டொலரில் கூடிய வாடகையும் வைத்திருப்பதால், இங்கே கேட்கப்படும் அத்தாட்சி தேசிய அடையாள அட்டை.

இரண்டிலும் எழும் அறக்கேள்விகள் ஒன்றே. உரித்தில்லாதவர் கழிவைப் பெறுவது களவா, சாமர்த்தியமா? வந்தவரிடம் அத்தாட்சி கேட்பது முறையா, அவமதிப்பா?

களவின் இலக்கணம்

திருக்குறளின் அறத்துப்பாலில் கூடாவொழுக்கம், கள்ளாமை, வாய்மை ஆகிய மூன்று அதிகாரங்களும் 28, 29, 30 என அடுத்தடுத்து வருகின்றன. பொய்யான கோலம், பிறர் பொருளை எடுத்தல், பொய் சொல்லுதல் ஆகிய மூன்றும் ஒரே செயலில் சேர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு விடுதி மேசையில் நீட்டப்படும் பிறர் அட்டை நல்ல எடுத்துக்காட்டு. பிறர் உடைமையை அவரை வஞ்சித்துக் கொள்ள நினையாமையே கள்ளாமை என்று உரையாசிரியர் பரிமேலழகர் விளக்குகிறார். இந்த விளக்கத்தில் வஞ்சனையே மையம். பூட்டை உடைப்பதோ கண் மறைவில் எடுப்பதோ களவுக்கு இன்றியமையாததல்ல. உண்மை தெரிந்திருந்தால் உடையவர் தந்திருக்க மாட்டாத பொருளை, உண்மையை மறைத்துப் பெற்றுக்கொண்டால் அதுவே போதும்.

இந்த அளவுகோலின்படி, உரித்தின்றிப் பெறும் கம்பனிக் கழிவு தெளிவாகவே களவாகிறது. வந்தவர் அந்த நிறுவனத்தவர் அல்லர் என்று தெரிந்தால் விடுதி அந்த வாடகைக்கு அறையைக் கொடுத்திருக்காது. குறைந்த தொகை விடுதியின் கையிலிருந்து எடுக்கப்படவில்லை, கொடுக்க வேண்டியது கொடுபடவில்லை, அவ்வளவுதான் என்று வாதிடலாம். நிறுவையில் குறைத்துக் கொடுப்பவரும் வாங்குபவரின் பையிலிருந்து எதையும் எடுப்பதில்லை. ஆயினும் அதைக் களவின் வகையாகவே சமண நூல்கள் கணக்கிடுகின்றன. திருக்குர்ஆன் அளவையில் குறைப்போரைக் கண்டிக்கிறது. பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் இரண்டாவது, கொடுக்கப்படாததை எடுக்காமை. விடுதி அந்தக் கழிவைக் கொடுத்தது வேறொருவருக்கு.

பொய்யும் வாய்மையாகும் இடமொன்றை வள்ளுவர் ஒப்புக்கொள்கிறார்: குற்றமற்ற நன்மை அதனால் விளையுமானால். விடுதிக் கழிவுக்காகச் சொல்லும் பொய் இந்த விலக்கில் அடங்காது. அதன் நன்மை சொன்னவருக்கு மட்டும் போகிறது. செலவு வேறொருவர் தலையில் விழுகிறது.

யாருடைய நட்டம்

பெரிய விடுதிக்கு இது ஒரு பொருட்டா என்ற வாதமே மிகப் பரவலானது. கணக்கை அருகில் வைத்துப் பார்த்தால் அதன் பிழை தெரியும். பொது வாடகை 20,000 ரூபா, கம்பனி வாடகை 15,000 ரூபா என்று எடுத்துக்கொள்வோம். இலங்கையில் வாடகையோடு 10 சதவீதச் சேவைக் கட்டணம் சேரும்; அதன்மேல் 2024 ஜனவரி முதல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி. பிற சிறு அறவீடுகளை விட்டால், பொது வாடகைப் பற்றுச்சீட்டு 25,960 ரூபா, கம்பனி வாடகைப் பற்றுச்சீட்டு 19,470 ரூபா. வித்தியாசம் 6,490 ரூபா. அதில் 5,000 விடுதி உரிமையாளருடையது. 500 சேவைக் கட்டணம். அறை துப்புரவாக்குபவர், சமையற்காரர், பைகள் தூக்குபவர் எனத் தொழிலாளர் மாத முடிவில் பங்கிட்டுக்கொள்ளும் பணம் அது. மீதி 990 அரச திறைசேரிக்குரியது. முதலாளிக்கு நோகாது என்று நினைத்தவர் தொழிலாளியின் பங்கிலும் கை வைத்திருக்கிறார்.

முழு வாடகை என்றால் வந்திருக்கவே மாட்டேன், ஆகவே விடுதிக்கு இலாபம்தான் என்று ஒருவர் சொல்லலாம். அறை வெறுமையாய்க் கிடந்திருக்கும் நாளில் அது கணக்களவில் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், வெறுமையான அறையை எந்த விலைக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் உரிமை அறையின் உடையவருடையது. இலாபம் என்று உண்மையிலேயே நம்புபவர் அதை வெளிப்படையாகக் கேட்கலாம்: “எனக்குக் கம்பனிக் கடிதம் இல்லை, இந்த விலைக்குத் தருவீர்களா?” பேரம் பேசுவது அறத்துக்கு விரோதமல்ல. முகாமையாளர் இணங்கினால் அதே அறை அதே விலைக்குக் கிடைக்கும், வஞ்சனை இருக்காது.

நட்டம் விடுதியோடும் முடிவதில்லை. ஆண்டு முடிவில் எந்த நிறுவனத்தின் பேரில் எத்தனை இரவுகள் பதிவாகின என்று எண்ணியே விடுதி அடுத்த ஆண்டு வாடகையைத் தீர்மானிக்கிறது. பொய்ப் பதிவுகள் அந்த எண்ணிக்கையைக் கெடுக்கின்றன. சந்தேகம் வந்தால் நிபந்தனைகள் இறுகும், கடிதத்தின்மேல் கடிதம் கேட்கப்படும், சில வேளை உடன்பாடே கைவிடப்படும். உரித்துள்ள ஊழியர் அதன் பலனை அனுபவிப்பார். எல்லோரும் இப்படிச் செய்தால் இந்த ஏற்பாடே நிலைக்குமா என்று கேட்டுப் பார்க்கும்படி ஜெர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் காண்ட் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூல் சொல்கிறது. நிலைக்காது என்பதே இங்கு விடை. பொய்க் கழிவு, பெரும்பான்மையோர் உண்மை சொல்வதால் மட்டுமே கிடைக்கிறது.

உறவு என்ற நியாயம்

யாழ்ப்பாணத்துச் சமூக வாழ்வில் உறவு வலிமையான நியாயம். அண்ணனின் சைக்கிளைத் தம்பி கேளாமல் எடுப்பதைக் களவென்று எவரும் சொல்வதில்லை. கள்ளாமையைத் துறவறத்தின் கீழ் ஏன் வைத்தார் என்பதை விளக்கும் இடத்தில் பரிமேலழகரும் இதைத் தொடுகிறார்: இல்வாழ்வார் தம் சுற்றத்தாரிடம் விளையாட்டாக வஞ்சித்துப் பொருள் கொள்வது அமையும், துறந்தாருக்கு அதுவும் இழுக்கு என்கிறார். இல்லறத்தானுக்கு இந்தச் சலுகை உண்டு. அதற்கு இரண்டு எல்லைகளும் உண்டு. பொருளின் உடையவர் சுற்றத்தாராயிருக்க வேண்டும், செயல் விளையாட்டாயிருக்க வேண்டும்.

பெறாமகனின் கம்பனி அட்டையில் அறை எடுப்பவர் பெறாமகனுக்கு உறவு. கழிவைக் கொடுக்கும் விடுதிக்கு அவர் அந்நியர். பெறாமகன் தன் பணத்திலிருந்து 6,490 ரூபாவைக் கொடுத்திருந்தால் அது அன்பு. தன்னுடையதல்லாத விடுதிப் பணத்தைத் தாராளமாகக் கொடுப்பது அன்பின் கணக்கில் சேராது. தன் வேலையையும் அவர் பணயம் வைக்கிறார், ஏனெனில் நிறுவனச் சலுகையைப் பிறருக்குக் கொடுப்பது பல இடங்களில் ஒழுக்காற்று விசாரணைக்குரிய குற்றம்.

வேடமும் மதிப்பும்

அடையாளத்தைக் காட்டி உள்ளே வருவதைப் பற்றிய மிக ஆழமான சைவக் கதை பெரியபுராணத்தில் உள்ளது. திருக்கோவலூர் அரசரான மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல முடியாத முத்தநாதன், திருநீறு பூசி, ஆயுதத்தைச் சுவடிக் கட்டுக்குள் மறைத்து அரண்மனைக்கு வந்தான். கடைசி வாயிலில் காவலன் தத்தன் தடுத்தான். ஆகமம் உபதேசிக்க வந்ததாகச் சொல்லி முத்தநாதன் நுழைந்தான். அரசர் வேடத்தை வணங்கினார், குத்துண்டார், கொல்லப் பாய்ந்த தத்தனைத் தடுத்து, வந்தவனைத் தீங்கின்றி ஊர் கடத்திவிடப் பணித்தார்.

வேடத்தைக் கண்டால் கேள்வியின்றி மதிக்க வேண்டும் என்பதற்கு இக்கதை சான்றாகச் சொல்லப்படும். அரசர் அளவில் அது உண்மை. அது அவருடைய பத்தியின் உச்சம். முத்தநாதனின் செயலை அது எள்ளளவும் நியாயமாக்கவில்லை. மதிப்பவரின் நம்பிக்கை பெரிதாகும் அளவுக்கு அதைப் பயன்படுத்துபவரின் குற்றமும் பெரிதாகிறது. வாயிலில் நின்று தடுத்த தத்தனும் தன் கடமையையே செய்தான். அத்தாட்சி கேட்காத விடுதியில் பொய் சொல்வது எளிது. அந்த எளிமை விடுதியார் வைத்த நம்பிக்கையிலிருந்து வருவதால் பொய்யின் பாரம் கூடுகிறது. மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை ஈட்டப்படும் என்கிறது சைவ சித்தாந்தம். எண்ணிச் சென்று, வாயால் பெயர் சொல்லி, கையால் அட்டையை நீட்டும்போது மூன்றும் ஈடுபடுகின்றன. எவரும் கண்டுபிடிக்கவில்லை என்பது வினைக் கணக்கை மாற்றாது.

அத்தாட்சி கேட்பதன் எல்லை

கேட்பவருக்கும் அறம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நீ யார் என்ற கேள்வி மிகக் கொடிய வடிவத்தில் கேட்கப்பட்ட காலம் நீண்டது. தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் வாங்கில் இருக்க முடியாது. போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் வாங்கி வெளியே நின்று குடித்தார்கள். காசு எல்லோருக்கும் ஒன்று, இடமும் பாத்திரமும் பிறப்பைப் பார்த்து வேறு. 1957ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் சாதி காரணமாகப் பொது இடங்களில் அனுமதி மறுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்த பின்னரும் கடைக் கதவுகள் தாமாகத் திறக்கவில்லை. 1960களின் பிற்பகுதியிலும் தேநீர்க்கடைகளிலும் கோயில்களிலும் போராட்டங்கள் நடந்தன. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் ஆலயப் பிரவேசப் போராட்டம் 1968இல் நடந்தது.

இந்த வரலாறு தரும் அளவுகோல் தெளிவானது. வாடிக்கையாளரிடையே வேறுபாடு காட்டுவதே அநீதி என்று சொல்ல முடியாது. அவ்வேறுபாடு எதில் நிற்கிறது என்பதே கேள்வி. தேநீர்க்கடை கேட்டது பிறப்பை. மனிதர் தம் முயற்சியால் மாற்ற முடியாததை, தேநீரோடு சம்பந்தமில்லாததை. கம்பனிக் கழிவு கேட்பது ஓர் உடன்பாட்டை. இரு தரப்பும் மனமொப்பிச் செய்ததை, பரிமாற்றத்தோடு நேரே தொடர்புள்ளதை. அதனால் அத்தாட்சி கேட்பது அவமதிப்பாகாது. அவமதிப்பு கேட்கும் முறையில் புகலாம். சாரம் உடுத்தி வந்தவரிடம் அட்டை கேட்டுக் கழுத்துப்பட்டி கட்டியவரிடம் கேளாமல் விட்டால் பழைய தேநீர்க்கடை திரும்பி வந்துவிட்டது. கேட்பதென்றால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். முன்பதிவிலேயே அறிவிக்க வேண்டும். வேலையை உறுதிப்படுத்தும் அளவுக்குமேல் பிரதி எடுத்து வைக்கக்கூடாது.

தானத்தில் நிலைமை முற்றிலும் வேறு. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியின் மடங்களில் பந்தியில் அமர்பவரிடம் யாரும் அட்டை கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. அங்கே உரித்து பசியிலிருந்து வருகிறது. பசிக்கு இலையின் முன் வந்திருப்பதே சான்று. விடுதி விற்பனை செய்கிறது. விற்பனையாளரிடம் தானத்தின் தாராளத்தை உரிமையாகக் கோருவதும், தானத்தில் விற்பனையின் அத்தாட்சியைக் கேட்பதும் ஒரே குழப்பத்தின் இரு பக்கங்கள்.

ஐயமான சந்தர்ப்பங்கள்

எல்லா நிலைமையும் வெளிச்சமாக இருப்பதில்லை. ஊழியர் தன் விடுமுறையில் குடும்பத்தோடு தங்குவது சில உடன்பாடுகளில் அனுமதிக்கப்பட்டது, சிலவற்றில் கடமைப் பயணத்துக்கு மட்டுமே. ஊகிக்காமல் கந்தோரில் கேட்பதே வழி. வேலையை விட்டவரின் கையில் எஞ்சிய அட்டையில் பெயரும் படமும் உண்மையானவை. அது சொல்லும் செய்தி பொய். உரித்துள்ளவர் அட்டையை வீட்டில் மறந்து வந்தால் பொய்யர் ஆகமாட்டார். அத்தாட்சி இல்லாமை உரித்தின்மை ஆகாது. பொது வாடகையைக் கட்டச் சொல்லி, கந்தோர் மின்னஞ்சல் வந்ததும் மீதியைத் திருப்பிக் கொடுப்பது இரு தரப்புக்கும் நீதி.

மிக நுட்பமான நிலைமை புலம்பெயர்ந்தவருடையது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டப்படி, வேறொரு நாட்டின் குடியுரிமையைத் தாமாகப் பெறும் இலங்கையர், இரட்டைக் குடியுரிமைக்கு உரிய ஏற்பாடு செய்யாவிட்டால் இலங்கைக் குடியுரிமையை இழக்கிறார். நெல்லியடியில் பிறந்து, நெல்லியடித் தமிழ் பேசி, பழைய அடையாள அட்டையை இலாச்சியில் வைத்திருக்கும் ஒருவருக்கு வெளிநாட்டவர் வாடகை நெஞ்சைச் சுடும். யுத்தத்தால் ஊரைவிட்டுப் போனவருக்கு அந்தச் சூடு நியாயமானதே. ஆனால் விடுதியின் விலைப்பட்டியல் கேட்பது இன்றைய குடியுரிமையையோ வதிவிடத்தையோ மட்டும். மண்ணோடுள்ள பந்தத்தை அது அளப்பதில்லை, மறுப்பதுமில்லை. நிபந்தனையைப் படித்து, தன் நிலையைச் சொல்லி, சலுகை கேட்கலாம். பழைய அட்டையை இன்றைய அட்டையாக நீட்டுவது வேறு.

திருத்தம்

ஏற்கனவே உரித்தின்றிப் பெற்றவர் என்ன செய்வது? குற்ற உணர்வைக் கோயில் உண்டியலில் இறக்கி வைப்பது பரவலான வழக்கம். அது திருத்தமாகாது, ஏனெனில் அந்தப் பணம் இன்னும் விடுதியினுடையது. பிறர் பொருளால் செய்யும் தருமத்தின் பலன் செய்தவருக்கு உரியதாவதில்லை. முதலில் வித்தியாசத் தொகை, சேவைக் கட்டணமும் வரியும் சேர்த்து, விடுதிக்கே போகவேண்டும். தவறாகக் கம்பனி வாடகை பதிவாகிவிட்டது, மீதியைக் கட்ட விரும்புகிறேன் என்று ஒரு கடிதமோ தொலைபேசி அழைப்போ போதும். பிறர் அட்டையால் பெற்றிருந்தால் அவருடைய வேலைக்கு ஊறு வராதபடி பொறுப்பைத் தானே ஏற்கவேண்டும். விடுதி மூடப்பட்டிருந்தால் மட்டுமே அத்தொகை தருமத்துக்குப் போகலாம். அப்போதும் அது கடன் தீர்ப்பு, கொடையல்ல. இனிமேல் அட்டையைக் கடன் கேட்கும் உறவினருக்கு மறுமொழி சொல்லும் கடமையும் இதில் அடங்கும். உதவ விரும்பினால் தன் பணத்தில் உதவலாம். விடுதியின் பணத்தில் உதவ எவருக்கும் உரித்தில்லை.