செவியோடு நின்ற இசை

குறை சொல்ல இடமில்லை, கொண்டாட மனமுமில்லை! இப்படியும் ஒரு நிலை உண்டோ என்று ஐயுறுவோர், சென்ற ஞாயிறு மாலை நமது அறையிலே நடந்ததைக் கேட்க வேண்டும்.

நண்பர்கள் நால்வர் கூடியிருந்தோம். கல்லூரி நாட்களிலே ஜாஸ் இசையின்பால் ஏற்பட்ட நாட்டத்தை, ஆசிரியப் பணிக்கு வந்த பின்னும் விட்டுவிடாதவர் நாம். கனடா நாட்டுப் பாடகர் மைக்கேல் புப்ளே பாடிய பழைய அமெரிக்கப் பாட்டொன்றை ஒலிக்கச் செய்தோம். குழல்கள் முழங்கின, நரம்பிசை நெளிந்தது, பட்டெனப் படர்ந்தது குரல். சுருதி பிசகவில்லை, தாளம் தவறவில்லை, சொல் ஒன்றேனும் மழுங்கவில்லை. பாட்டு முடிந்தது. "நன்றாகப் பாடுகிறார்" என்றார் ஒரு நண்பர். அடுத்த கணமே, "தேநீர் என்னவாயிற்று?" என்றார்.

தேநீர் வந்தது. அதற்குள் வேறொரு பாட்டு தொடங்கியிருந்தது. பில்லி ஹாலிடே அம்மையார் 1958-ஆம் ஆண்டு வெளியிட்ட 'லேடி இன் சாட்டின்' தட்டு. மறு ஆண்டே மறைந்துவிட்டவர் அவர். குரல் கரகரத்துக் கிடக்கிறது, மேலே ஏற முயன்று இடறுகிறது, மூச்சு போதவில்லை. பாட்டுப் போட்டியிலே நம் மாணவி ஒருத்தி இப்படிப் பாடினால், நெஞ்சறிய நாம் மதிப்பெண்ணைக் குறைத்திருப்போம். ஆனால் தேநீர் கேட்ட நண்பர் கோப்பையைக் கையிலே வைத்தபடியே இருந்தார், பருகவில்லை. பாட்டு முடிந்த பிறகும் பேசவில்லை.

வளமான குரல் செவியோடு நின்றுவிடுவானேன்? வாடிப்போன குரல் நெஞ்சுவரை செல்வானேன்?

புப்ளே அவர்களை வைது மகிழ்வது நம் நோக்கமன்று. 2003-ஆம் ஆண்டு தம் பெயரையே தாங்கிய தட்டின் மூலம் உலகறிய வந்தவர், உழைத்துக் கற்றவர், கோடிக்கணக்கானோர் அவர் பாட்டை விரும்பிக் கேட்கின்றனர். அவர்கள் காதுகளெல்லாம் பழுது, நம் காது ஒன்றே செம்மை என்று கூறும் ஆணவம் நமக்கில்லை. அவரைப் போன்ற திறவோர் பலர் உளர். கேட்கும்போது மெச்சுகிறோம், கேட்ட பின் மறக்கிறோம். காரணம் என்ன என்பதே கேள்வி.

"அந்தக் குரலிலே ஆன்மா இல்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுவர் சிலர். விடை தெரியாத இடத்திலே தொங்கவிடப்படும் திரைச்சீலைக்கு ஆன்மா என்று பெயர் வைத்து வணங்கும் பழக்கம், இசை விமர்சகரிடையேயும் இருக்கிறது! திரையை விலக்கிப் பார்க்க வேண்டாமா?

வேறு சிலர் கூறுவர்: "அது கருப்பின மக்களின் இரத்தத்திலே ஊறியது, மற்றவருக்கு வராது" என்று. புகழ்ச்சி போலத் தோன்றும் பேச்சு. பிறப்பிலே வைத்துத் திறமையை அளக்கும் பேச்சு, எந்த நாட்டிலே யார் பேசினாலும், எவ்வளவு இனிக்க இனிக்கப் பேசினாலும், நமக்குப் பழக்கமான அதே பேச்சுத்தான். பில்லி ஹாலிடே இரத்தத்திலிருந்து கற்கவில்லை. சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸி ஸ்மித், லூயி ஆம்ஸ்ட்ராங் ஆகியோரின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுக் கற்றார். அதை அவரே கூறியிருக்கிறார்.

"துன்பப்பட்டவர், ஆகவே உருக்கமாகப் பாடினார்" என்பது மூன்றாவது வாதம். துன்பப்பட்டவர்தாம், 1947-இல் சிறைக்கும் சென்றவர். ஆனால் துயரே கலையைத் தரும் என்றால், அமெரிக்கத் தென்னகத்துப் பருத்திக் காட்டிலே முதுகொடிந்த ஒவ்வொருவரும் பெரும் பாடகராகி இருக்க வேண்டுமே! தோட்ட முதலாளியும் துணிந்து சொல்லிவிடுவான், "சவுக்கால் கலை வளர்த்தவன் நான்" என்று. அந்த வாதத்தை அவனுக்கு நாம் எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

திறமை மிகுந்ததே தீங்கு என்பதும் பொருந்தாது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டைவிடத் திறமை மிக்கவர் யார்? அவர் குரல் எட்டாத உயரமில்லை; இறங்காத ஆழமில்லை. 1960-ஆம் ஆண்டு பெர்லின் நகரிலே பல்லாயிரவர் முன்னிலையில் 'மேக் தி நைஃப்' பாட்டைப் பாடிக் கொண்டிருக்கும்போது வரிகள் மறந்துவிட்டன. நின்றாரா? இல்லை. மறந்துவிட்டதையே பாட்டாக்கினார், புதுச் சொற்களை அங்கேயே புனைந்தார், ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலைப் போலப் பாடிக் காட்டினார். அந்தத் தவறு திருத்தப்படாமல் அப்படியே தட்டாக வெளிவந்தது. கிராமி பரிசும் பெற்றது. அத்தனை ஆண்டுப் பயிற்சி இல்லாவிடில் அந்த இக்கட்டிலே தடுமாறி விழுந்திருப்பார்! நாட் கிங் கோல் குரலோ வெண்ணெய் போன்றது, பிசிறே கிடையாது, எனினும் நெஞ்சைத் தொடுகிறது. ஆக, வழவழப்பும் குற்றவாளியல்ல.

நாம் கருதுவது இது: பாட்டு என்பது ஒருவர் மற்றொருவரிடம் ஒன்றைச் சொல்வது. திறமை அந்தச் சொல்லைச் சுமந்து செல்ல வந்த வண்டி. வண்டியைப் பூட்டி, மணி கட்டி, சக்கரத்துக்கு வண்ணம் தீட்டி, ஊரைச் சுற்றி ஓட்டுகிறார்கள் சிலர். உள்ளே ஆளில்லை! பார்ப்பவர் "என்ன அழகான வண்டி!" என்கிறார்கள். எதிர்கொண்டு அழைக்க யாரும் எழுந்திருப்பதில்லை.

ஃபிராங்க் சினாட்ராவை எடுத்துக் கொள்வோம். 1940 முதல் 1942 வரை டாமி டார்ஸி குழுவிலே பாடியவர். டார்ஸி டிராம்போன் வாசிக்கும்போது மூச்சு எடுப்பதே தெரியாமல் நெடுந்தொடரை இசைப்பதைக் கூர்ந்து கவனித்தார். தாமும் மூச்சைப் பழக்கினார். எதற்காக? வாக்கியத்தின் நடுவிலே பொருள் அறுந்துவிடக் கூடாது என்பதற்காக! பேசுகிறவன் "நான் உன்னை" என்று சொல்லி மூச்சு வாங்கி, பிறகு "மறக்கவில்லை" என்றால் எப்படி இருக்கும்? அவர் பெற்ற நெடுமூச்சைப் பின்வந்தவரும் பெற்றார்கள். ஆனால் சிலரிடம் அது எவ்வளவு நேரம் நீட்ட முடிகிறது என்று காட்டும் பந்தயமாகிவிட்டது. கைதட்டல் கிடைக்கிறது. மூச்சுக்குத்தான் கிடைக்கிறது, சொல்லுக்கு அல்ல.

கருவியின் கதையும் இதுவே. 1925 அளவிலே மின்முறை ஒலிப்பதிவு வந்தது. அரங்கத்தின் கடைசி வரிசை வரை கேட்கக் கத்த வேண்டியிருந்த பாடகர், ஒலிவாங்கியின் அருகே நின்று ஒருவர் காதிலே பேசுவதுபோல் பாட முடிந்தது. விஞ்ஞானம் தந்த கொடை! பில்லியின் குரல் சிறிய குரல். அந்தக் கருவி இல்லாவிடில் நம்மை எட்டியே இருக்காது. அதே விஞ்ஞானம் 1997-இல் ஆட்டோ டியூன் என்ற பொறியையும் தந்தது. பிசகிய சுருதியைத் தட்டி நேராக்கும் பொறி. பத்து முறை பாடி, நல்ல துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவும் வழி உண்டு. பொறியைப் பழிக்கவில்லை நாம். ஆனால் நீக்கப்படுவது எது என்று பார்க்க வேண்டும். ஜாஸ் பாடகர் தாளத்துக்குச் சற்றே பின்தங்கிச் சொல்லை வைக்கிறாரே, அது தயக்கம். சொல்லவா வேண்டாமா என்ற தயக்கம். பியானோவின் இரு கட்டைகளுக்கு இடையிலே, எந்தக் கட்டையிலும் அடங்காத சுரமொன்றைத் தொடுகிறாரே, அது விம்மல். இரண்டையும் பிழையென்று எண்ணித் திருத்தினால், எஞ்சுவது பிழையற்ற ஒலி.

இதைப் பிறர்மீது மட்டும் சாற்றுவது நேர்மையாகாது. ஒரே பாடத்தை ஒரே நாளில் நான்கு பிரிவுகளுக்கு நடத்துகிறவர் நாம். முதல் வகுப்பிலே தடுமாறுகிறோம், எடுத்துக்காட்டுக்குத் திண்டாடுகிறோம், ஒரு பையனின் நெற்றிச் சுருக்கத்தைக் கண்டு சொன்னதை மாற்றிச் சொல்கிறோம். நான்காவது வகுப்பிலோ நாக்கு தானே ஓடுகிறது. எங்கே நிறுத்துவது, எங்கே நகைச்சுவை, எல்லாம் பாடம். மேற்பார்வைக்கு வருபவர் அந்த நான்காவது வகுப்பைத்தான் பாராட்டுவார்! கொட்டாவி விடுவதும் அந்த வகுப்புத்தான். சென்ற பருவத்திலே ஒரு சிறுமி அந்த வகுப்பில் எழுந்து, "ஐயா, இப்போது எங்களிடம்தானே சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். குறும்பு இல்லை அவள் குரலில். உண்மையாகவே ஐயம் அவளுக்கு. பதில் சொல்ல நமக்கு நேரமாயிற்று.

சுவைக்கேடு என்று தள்ளிவிடாமல், இதனை ஒழுக்கத்தைப் பற்றிய கேள்வி என்று நாம் கொள்வதற்கு ஒரு பாட்டே காரணம். 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' அதன் பெயர். அமெரிக்கத் தென்னகத்திலே கருப்பின மக்களைக் கும்பல் கூடிக் கொன்று மரத்திலே தொங்கவிட்ட கொடுமையைச் சொல்வது. எழுதியவர் ஏபெல் மீரோபோல். நியூயார்க் நகரத்துப் பள்ளி ஆசிரியர். 1937-இல் ஆசிரியர் சங்க ஏட்டிலே கவிதையாக வெளியிட்டார். 1939-இல் அந்நகரின் 'கஃபே சொசைட்டி' விடுதியிலே அதைப் பில்லி பாடத் தொடங்கியபோது, பரிமாறுவோர் நிறுத்தப்பட்டனர், விளக்குகள் அணைக்கப்பட்டன, அவர் முகத்திலே மட்டும் ஒரு கதிர். முடிந்ததும் இருள். கைதட்டலை ஏற்று வணங்க அவர் திரும்பி வருவதில்லை. அவருடைய தட்டு நிறுவனமான கொலம்பியா பதிவு செய்ய மறுத்தது. கமோடோர் என்ற சிறு நிறுவனம் அவ்வாண்டே பதிவு செய்தது.

அந்தப் பதிவைக் கேளுங்கள், தோழர்களே! வித்தை எதையும் காட்டவில்லை அவர். சொற்களை ஒவ்வொன்றாக நம்முன் வைத்துவிட்டு நகர்கிறார். அதே பாட்டைப் பின்னாளிலே பாடியோரில் சிலர், கடைசிச் சொல்லை இழுத்து, சுழற்றி, மேல் ஸ்தாயிக்கு ஏற்றி, அரங்கை எழுப்பிக் கைதட்டச் செய்கிறார்கள். மரத்திலே பிணம் தொங்குகிறது. கீழே நின்று ஒருவர் தம் குரலின் உயரத்தைக் காட்டுகிறார்! காதல் பாட்டிலே அப்படிச் செய்தால் தேநீர் கேட்டுவிட்டுப் போய்விடலாம். இங்கே அப்படிப் போக முடியவில்லை நம்மால். கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர் அவர்கள். எந்தச் சொல்லை யாரிடம் சொல்கிறோம் என்று கேட்டுக்கொள்ளும் பழக்கம், ஆயிரம் காதல் பாட்டுகளைப் பாடிய பயிற்சியிலே தேய்ந்து போயிருந்தது.

1957-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் அமெரிக்கத் தொலைக்காட்சியிலே, 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' என்ற நேரடி நிகழ்ச்சியில், பில்லி 'ஃபைன் அண்ட் மெல்லோ' என்ற தம் பாட்டைப் பாடினார். அந்தப் படம் இன்றும் காணக் கிடைக்கிறது. சுற்றிலும் பெரும் கலைஞர்கள். அவர்களுள் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங், பில்லியின் பழைய தோழர், இடையிலே சில ஆண்டுகள் விலகியிருந்தவர், உடல் நலிந்தவர். அவர் முறை வந்ததும் எழுந்து நின்று, சிறிதே வாசிக்கிறார், சில சுரங்கள்தாம். காமிரா பில்லியின் முகத்துக்குத் திரும்புகிறது. அவர் பாடவில்லை, கேட்கிறார். தலை மெல்ல அசைகிறது, புருவம் உயர்கிறது, ஏதோ அவரிடம் சொல்லப்பட்டது போலவும், அதை ஒப்புக்கொண்டது போலவும் ஒரு புன்னகை. பிறகு, தம் அடுத்த அடியைப் பாடத் தொடங்குகிறார்.