முடிவு தெரியாத வேடம்

பகல் நேரத் தொலைக்காட்சித் தொடரில் நடிப்பவர்கள் தங்கள் வேலையைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டும், அதற்காக நடிக்கிறோம் என்பது ஒன்று. எந்த வேடமானாலும் தொழில் தெய்வம் என்பது இன்னொன்று. பல சமயம் ஒரே நடிகர், காலையில் மேக்கப் போடும்போது முதலாவதையும் மாலையில் பேட்டியில் இரண்டாவதையும் சொல்கிறார். இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. செயலுக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது, செயலிலிருந்தா, அதன் பலனிலிருந்தா, செய்பவர் மனத்திலிருந்தா என்ற பழைய கேள்வியில் அந்த இரண்டு பதில்களும் அடங்கியிருக்கின்றன.

நடிப்பை ஐயத்தோடு பார்ப்பது புதிதல்ல. நாட்டிய சாஸ்திரத்தின் கடைசிப் பகுதியில், பரத முனிவரின் மைந்தர்கள் ரிஷிகளைக் கேலி செய்து நடித்ததால் சாபம் பெற்றுத் தாழ்ந்த நிலைக்குப் போனதாக ஒரு கதை வருகிறது. நாடகத்தை ஐந்தாம் வேதம் என்று தொடங்கும் நூலே அதை ஆடுகிறவனின் இழிநிலைக்குக் காரணம் சொல்லி முடிய வேண்டியிருந்தது. பிரான்சில் 1673இல் மோலியேர் இறந்தபோது, நடிகர் என்பதால் முறையான அடக்கத்துக்குத் திருச்சபை தடை சொன்னது. அரசர் தலையிட்ட பிறகு இரவில்தான் புதைத்தார்கள். சாபமும் தடையும் போன பிறகு நடிகர்கள் தங்களுக்குள்ளேயே ஒரு படிக்கட்டைக் கட்டிக்கொண்டார்கள். மேலே சினிமா, கீழே சின்னத்திரை, அதிலும் கீழே மதிய சீரியல்.

கோவையின் கிழக்கே உள்ள சிங்காநல்லூரில் இந்தப் படிக்கட்டு வேறு மாதிரி இருந்த காலம் ஒன்று உண்டு. மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்கு வீடு திரும்பிய அந்த ஊரில், 1930களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டூடியோ வந்தது. அதைத் தொடங்கியவர்களில் பி. ரங்கசாமி நாயுடு போன்ற தொழிலதிபர்கள் இருந்தார்கள். நாடக மேடையிலிருந்து வந்தவர்களுக்கு அன்று சினிமாவே சம்பள வேலைதான். எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த முதல் படமான ‘ராஜகுமாரி’ 1947இல் ஜூபிடர் நிறுவனத்துக்காக இங்கே உருவானது. அதற்கு வசனம் எழுத வந்த மு. கருணாநிதி சிங்காநல்லூரில் ஒரு வாடகை வீட்டில் தங்கியிருந்தார். படத்தின் எழுத்துப் பட்டியலில் அவர் பெயர் வசன உதவி என்ற அளவில்தான் வந்தது. அடுத்து ‘அபிமன்யு’வில் அதுவும் இல்லை. அவர் மூட்டை கட்டிக்கொண்டு திருவாரூருக்குப் போய்விட்டார்.

பலனில் பற்று வைக்காதே என்று கீதை சொல்வதை இந்த நிகழ்ச்சியின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பலன் என்ற ஒரே சொல்லுக்குள் கைதட்டலும் இருக்கிறது, கூலியும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. கைதட்டலை விடச் சொல்வது நடிகருக்கு நல்ல அறிவுரை. தொடர் நடிகருக்கு அது இன்னும் பொருந்தும், ஏனென்றால் அவர் முன்னால் கேமராவைத் தவிரக் கைதட்ட யாரும் இல்லை. ஆனால் கூலியையும் பெயரையும் விடு என்று சொல்லும்போது அந்த உபதேசம் யாருடைய வாயிலிருந்து வருகிறது என்று கேட்பதுதான் முறை. சம்பளம் கொடுக்க வேண்டியவர் பேசும் கர்மயோகம் தத்துவம் ஆகாது.

சரி, தொடர் என்ற வடிவமே தாழ்ந்ததா? கொங்கு நாட்டில் அப்படிச் சொல்ல முடியாது. பொன்னர் சங்கர் கதையான அண்ணன்மார் கதை உடுக்கடிப் பாட்டாக இரவிரவாகப் பாடப்படுவது. 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் கனடிய மானுடவியலாளர் பிரெண்டா பெக் அதைப் பதிவு செய்தபோது 18 இரவுகள் பிடித்தன. அதிலும் பங்காளிச் சண்டை உண்டு, பிள்ளையில்லாத ஏக்கம் உண்டு, சூழ்ச்சி உண்டு, ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் உண்டு. மதிய சீரியலில் குறை சொல்லப்படும் சரக்கு எல்லாமே அங்கே இருக்கிறது. வேறுபாடு முடிவில் இருக்கிறது. அண்ணன்மார் மாண்டுபோவார்கள் என்பது பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் முதல் இரவே தெரியும். அந்தச் சாவை நிகழ்த்திக் காட்டும் படுகளச் சடங்கில் அருள் வந்து விழுகிறவர்களும், அவர்களை எழுப்புகிறவர்களும் அந்த முடிவுக்காகவே விரதம் இருக்கிறார்கள். விரதத்துக்குத் தொடக்கம் போலவே நிறைவும் உண்டு.

சாங்கியத் தத்துவம் இதையே ஒரு உவமையில் வைத்திருக்கிறது. ஈசுவர கிருஷ்ணரின் சாங்கிய காரிகையில் பிரகிருதி என்னும் இயற்கை ஒரு நடனக்காரி. சபைக்குத் தன்னைக் காட்டிய பிறகு அவள் ஆட்டத்தை நிறுத்திக்கொள்கிறாள், பார்த்துக்கொண்டிருந்த புருஷன் என்னும் ஆன்மாவுக்கு விடுதலை. ஆட்டம் நின்றால்தான் உவமையே நிற்கும். சன் டிவியின் ‘கோலங்கள்’ 2003இலிருந்து 2009 வரை 1,500 பகுதிகளைத் தாண்டி ஓடியது. 2014இல் தொடங்கிய ‘சந்திரலேகா’ 2022இல் முடியும்போது 2,300 பகுதிகளுக்கு மேல் ஆகியிருந்தது. இங்கே நடனக்காரி எப்போது நிற்பாள் என்பதை டிஆர்பி முடிவு செய்கிறது. தன் பாத்திரம் நல்லவளா கெட்டவளா, அடுத்த மாதம் உயிரோடு இருப்பாளா என்பதே நடிப்பவருக்குத் தெரியாது.

சைவம் வேறு விதமாகப் பதில் சொல்லக்கூடும். மேலைச் சிதம்பரம் எனப்படும் பேரூரில் ஆடுகிறவனின் கூத்துக்கு முடிவே இல்லை. ஆனால் அந்தக் கூத்தில் படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என ஐந்தும் நடக்கின்றன. சீரியல் மறைத்தலை மட்டும் வருடக்கணக்கில் செய்கிறது. குழந்தை யாருடையது, கடிதம் எங்கே, விஷம் வைத்தது யார். அருளல் கடைசி வாரத்தில் அவசரமாக நடக்கும்.

அமெரிக்காவில் சோப்புக் கம்பெனிகளின் விளம்பரப் பணத்தில் வளர்ந்ததால் இந்த வகைக்கே சோப் ஓபரா என்று பெயர். ‘கைடிங் லைட்’ 1937இல் வானொலியில் தொடங்கி, தொலைக்காட்சிக்கு மாறி, 2009இல் நின்றது. அங்கும் இளம் நடிகர்கள் இதைப் பயிற்சிக் கூடமாக நினைத்துக் கடந்து போனார்கள். வேறொரு தொடரில் நடித்த சூசன் லூச்சி போகவில்லை. ஒரே பாத்திரத்தை 1970இலிருந்து நாற்பது ஆண்டுக்கு மேல் நடித்தார். பகல்நேர எம்மி விருது பத்தொன்பதாவது பரிந்துரையில், 1999இல்தான் கிடைத்தது. ஒரு பாத்திரத்தோடு ஒருவர் மூத்துப்போவதை மேடையும் சினிமாவும் இப்படித் தந்ததில்லை.

பாத்திரம் நடிகருக்குள் எவ்வளவு தூரம் இறங்க வேண்டும் என்பது கடைசிச் சிக்கல். தீதரோ என்ற பிரெஞ்சுத் தத்துவ ஞானி, பெரிய நடிகர் உணர்ச்சி வசப்படுவதில்லை, உணர்ச்சியை வெளியே நின்று கவனித்துச் செய்கிறார் என்று வாதிட்டார். ஏறக்குறைய கீதையின் சாட்சி நிலைதான் அது. தமிழ்த் தொடர்களில் முகம் ஒருவருடையது, குரல் பலமுறை வேறொருவருடையது. ஆகவே அழுதது யார் என்ற கேள்விக்கு வேதாந்தம் இல்லாமலே இரண்டு விடை இருக்கிறது. எந்தச் செயலுக்கும் உடல், செய்பவன், கருவி, முயற்சி, தெய்வம் என்று கீதை ஐந்து காரணங்களைச் சொல்வது படப்பிடிப்புத் தளத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் பார்ப்பவர்கள் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. ‘ராமாயண்’ தொடரில் ராமனாக வந்த அருண் கோவில் என்ற நடிகரை மக்கள் கும்பிட்டார்கள். வில்லி வேடக்காரிகளைக் கடைத்தெருவில் திட்டுகிறார்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சனீசுவரனாக மேடையேறியபோது அதைக் கண்டு மிரண்ட ஒரு பெண்ணின் கரு கலைந்ததாகவும், அதன்பின் அவர் வேடம் கட்டுவதை விட்டு எழுதவும் கற்பிக்கவும் திரும்பியதாகவும் ஒரு செய்தி நாடக உலகில் வழங்குகிறது. தனக்கு ஒட்டாத வேடம் பிறருக்கு ஒட்டிக்கொள்ளும் என்றால் அதற்குப் பொறுப்பு யாருடையது என்பதை அவர் தீதரோவைப் போல எடுத்துக்கொள்ளவில்லை.

சிங்காநல்லூரிலிருந்து திருச்சி சாலையில் கிழக்கே போனால் சூலூர் வட்டாரம். அங்குள்ள காசிக்கவுண்டன்புதூரில் பிறந்த சிவகுமார் 1965இல் சினிமாவுக்கு வந்தவர். பிற்காலத்தில் ‘சித்தி’, ‘அண்ணாமலை’ ஆகிய தொடர்களில் நடித்தார். அதன்பின் நடிப்பை விட்டுவிட்டு, கையில் குறிப்பு இல்லாமல் கம்பராமாயணம் சொல்லும் மேடைகளுக்குப் போனார். அங்கே கேட்க வந்த எல்லோருக்கும் கதையின் முடிவு தெரியும்.