எழுத்துக்கல்

சிற்றூர்க் குளப்படிகளில் எழுத்துக்கற்கள் கிடத்தல் உண்டு. உச்சிவேளையில் அவை வெறுங்கற்களே. காலைக்கதிர் சாய்ந்து வீழும்பொழுதே தேய்ந்த எழுத்துக்கள் நிழல்கொண்டு புலனாகும். கண்ணும் உண்டு, எழுத்தும் உண்டு. காட்டும் ஒளி வேண்டும். காட்டினாலன்றி உயிர் காணாதென்னுஞ் சித்தாந்தம் ஈண்டு நினையற்பாலது.

ஆகலின், அறியாது அக்கல்லில் ஆடை துவைப்பானைக் குற்றங்கூறல் யாங்ஙனம்? அறிந்துவைத்தும், திருப்பணியென்னும் பெயரால் கல்வெட்டின்மேற் சுண்ணம் பூசுவார் செயலோ வேறு. அது சிவத்திரவியத்தின் சான்றை அழித்தலாம்.

பத்தாம் நூற்றாண்டிலே திருக்கோடிகாவிற் கோயிலைக் கற்றளியாகப் புதுப்பித்த செம்பியன் மாதேவியார், ஆங்கிருந்த பழங்கல்வெட்டுக்களைப் படியெடுத்துப் புதுச்சுவரிற் பொறிப்பித்தார். அவை பழங்கற்படி என்பதும் உடன் குறிக்கப்பெற்றது. சோழரல்லாத பல்லவர், பாண்டியர் ஆட்சியாண்டுகளைக் கொண்ட கொடைகளும் அவற்றுள் விடப்பட்டில.