தனி வாளி

ஆம்பூரில் வளர்ந்தவள் நான். தோல் ஷாப்பு வாடைக்கு நாங்கள் மூக்கைப் பொத்துவதில்லை. சோறு போடும் வாடை அது. பொத்துகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். அதில் சாதியும் உண்டு.

பெருங்குடல் அறுவைக்குப் பிறகு, மலம் வெளியேற என் இடப்பக்க வயிற்றில் ஒரு திறப்பு, அதன்மேல் பை. ‘ஸ்டோமா’ என்றால் கிரேக்கத்தில் வாய். வாயின் உட்புறம் போலவே சிவந்து ஈரமாக இருக்கும், தொட்டால் வலிக்காது. அடக்கத் தசை இல்லாததால் வகுப்பு நடுவே சத்தம் போடும். கல்லூரிக் கழிப்பறையில் தண்ணீர் வராத நாள்களில் பட்டினி கிடந்தேன்.

மாமியார் படுத்த படுக்கையாய் இருந்த இரண்டு வருடமும் அவர் மலத்தை அள்ளியது இந்தக் கைதான். அதற்கு முன் பிள்ளைகளுடையது. அப்போதெல்லாம் வீட்டில் அருவருப்பு என்ற பேச்சே எழவில்லை. அதற்குப் பெயர் கடமை. என்னுடையது என்றதும் தனி வாளி, தனிப் பாய். யாரும் சொல்லவில்லை, நானே எடுத்துவைத்தேன். மாதவிடாய்க்கு ஒதுங்காதீர்கள் என்று மேடையில் பேசியவள்! அப்படியானால் நான் அருவருத்தது மலத்தையா, பிறருக்கு உழைக்காமல் தனக்காகக் கவனிப்புக் கேட்கும் ஒரு பெண்ணுடம்பையா?

உடம்பில் ஒட்டும் பையை 1954இல் யோசித்தவர் டென்மார்க்கின் செவிலி எலிசே சோரன்சென்; கசிவுக்குப் பயந்து வெளியே போக மறுத்த தன் சகோதரி தோராவுக்காக. இதைப் படித்த அன்று தனிப் பாயைச் சுருட்டி மேலே போட்டேன். வாளி இன்னும் தனியாகத்தான் இருக்கிறது.