ஆளற்ற தீவில் நூறு பேர்

சென்னைக்கு வடக்கே, காட்டுப்பள்ளித் துறைமுகச் சாலையில் இரவு ஷிப்டு முடியும் நேரம். கன்டெய்னர் ஏற்றிய டிரெய்லர்கள் வரிசையாக நிற்கின்றன. டீக்கடை பெஞ்சில் நான்கு இளைஞர்கள். ஹெல்மெட் காலடியில் கிடக்க, போனைக் குறுக்கே பிடித்துக் குனிந்திருக்கிறார்கள். திரையில் அவர்கள் பாராசூட்டில் இறங்கும் இடம் எரங்கெல் என்ற கற்பனைத் தீவு. அதில் ஒரு துறைமுக நகரம் உண்டு. அங்கேயும் கன்டெய்னர் அடுக்குகள். தீவின் இன்னொரு பக்கத்தில் ஒரு மின் நிலையம். இரவெல்லாம் இரும்புப் பெட்டிகளுக்கு நடுவே வேலை பார்த்தவர்கள், ஓய்வு கிடைத்ததும் மறுபடி இரும்புப் பெட்டிகளுக்கு நடுவிலேயே போய் இறங்குகிறார்கள். மலையும் அருவியும் காட்டும் ஆட்டங்கள் எத்தனையோ இருக்க, அழுக்கும் துருவும் இரத்தமும் நிறைந்த இதில் அவர்கள் மனம் ஏன் தங்குகிறது?

அவர்கள் ஆடும் பப்ஜியின் கதையை நாம் அறிவோம். 2000-ல் வெளிவந்த 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியப் படத்தின் தூண்டுதலில் அயர்லாந்துக்காரர் பிரெண்டன் கிரீன் வடிவமைத்தது. நூறு பேர் வெறுங்கையோடு இறங்கி, கிடைத்த ஆயுதத்தை எடுத்துச் சுட்டு, கடைசியில் ஒருவரோ ஓர் அணியோ மிஞ்சுவது. 2018-ல் போனுக்கு வந்தது. சீனாவுடனான கல்வான் எல்லை மோதலுக்குப் பிறகு, 2020 செப்டம்பர் 2 அன்று மத்திய அரசு தடை செய்த 118 செயலிகளில் இதுவும் ஒன்று. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது இரத்தம் பச்சை நிறமாகியிருந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் என்ற வரம்பும் சேர்ந்திருந்தது. நிறம் மாறியதால் ஈர்ப்பு குறையவில்லை. இரத்தத்தைப் பார்க்கத்தான் பிள்ளைகள் போகிறார்கள் என்ற நம் கணிப்பு தவறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. இத்தகைய ஆட்டங்களே நிஜ வன்முறைக்குக் காரணம் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க உளவியல் சங்கமும் 2020-ல் கூறியது. கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்தோடு தொடர்பு உண்டு என்பதையும் அது சேர்த்தே சொன்னது.

ஈர்ப்பின் வேரைத் தேட, இந்த இளைஞர்கள் வாழும் நிலத்தைப் பார்க்க வேண்டும். கிழக்கே வங்கக் கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலையாற்றின் கழிமுகமும். இடையில் ஒடுங்கிய மணல் திட்டு காட்டுப்பள்ளி. கப்பல் கட்டும் தளம் வந்தபோது இங்கிருந்த மீனவக் குப்பம் இடம்பெயர்ந்தது. அனல் மின் நிலையச் சாம்பல் ஆற்றில் படிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவி வலைகளையும் படகுகளையும் கறுப்பாக்கியது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, மக்கள் மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடி வந்தார்கள். இத்தனைக்கும் யார் பொறுப்பு என்று கேட்டால் பதிலாக வருவது ஒரு குழு, ஓர் அறிக்கை, ஒரு வழக்கு எண். இறால் குறைந்தது யாரால் என்று ஒரு முகத்தைச் சுட்டிக்காட்ட முடியாது. தன் ஒப்பந்த வேலை ஏன் நின்றது என்று சொல்ல ஓர் ஆளும் எதிரே வந்து நிற்பதில்லை.

விளையாட்டில் அப்படியில்லை. குண்டு பட்டதும் அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று திரையில் சிவப்பாக ஓர் அடையாளம் தோன்றுகிறது. காலடி ஓசை எந்தச் சுவருக்குப் பின்னால் என்று காது சொல்கிறது. விழுந்துவிட்டால், வீழ்த்தியவன் பெயரும் அவன் ஏந்திய துப்பாக்கியின் பெயரும் எல்லோரும் பார்க்க எழுத்தில் ஓடுகின்றன. எத்தனை பெரிய ஆறுதல் அது! தனக்கு நேர்ந்த தீங்குக்கு ஒரு காரணம் உண்டு, அந்தக் காரணத்துக்கு ஒரு பெயர் உண்டு, அதைத் தேடிப் போகத் தனக்கும் வழி உண்டு என்று இருபது வயது மனிதனுக்கு உறுதி சொல்லும் இடம் இன்று அந்தக் கையகலத் திரைதான் என்றால், அவன் அங்கே போவதில் வியப்பில்லை.

இன்னொன்றும் அங்கே இருக்கிறது. ஆட்டத்தைத் தூற்றுபவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. குண்டடி பட்டவன் உடனே சாவதில்லை. 'நாக்' ஆகித் தரையில் தவழ்கிறான். "மச்சான், நாக் ஆயிட்டேன், வா வா" என்று குரல் கேட்கிறது. தோழன் தன் மறைவிடத்தை விட்டு, குண்டுமழையில் ஓடிவந்து, பக்கத்தில் மண்டியிட்டுச் சில விநாடிகள் அசையாமல் இருக்கிறான். 'ரிவைவ்' செய்ய அத்தனை நேரம் ஆகும். அந்த விநாடிகளில் அவனால் சுட முடியாது; தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது. நால்வரும் அதிகம் பதறுவதும் அதிகம் கத்துவதும் எதிரியைச் சுடும்போதல்ல, விழுந்தவனைத் தூக்கும்போதுதான். கொடூரமான ஆட்டம் என்று நாம் ஒதுக்கும் ஒன்றின் நடுவில், தன்னைப் பணயம் வைத்து ஒருவன் இன்னொருவனைக் காக்கும் வாய்ப்பு இருக்கிறது. நம் அன்றாட ஏற்பாடுகள் அத்தகைய வாய்ப்பை இளைஞர்களுக்கு அரிதாகவே தருகின்றன.

ஆயினும் எதிரணியில் விழுந்தவன் என்னவாகிறான்? உடல் மறைந்து ஒரு பெட்டியாகிவிடுகிறான். வென்றவன் ஓடிவந்து பெட்டியைத் திறந்து, குண்டையும் மருந்தையும் எடுத்துக்கொண்டு நகர்கிறான். ஒரு தீவில் நூறு பேர் இறங்குகிறார்கள். அவர்களில் ஒருவனுக்கும் தாயில்லை, வீடுகளில் ஆளில்லை, அழ யாருமில்லை. வன்முறையைக் காட்டுவது நம் மரபுக்குப் புதிதன்று. திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலை வட்டாரச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவின் பதினெட்டாம் போர் நாளில், படுகளம் எனப்படும் திடலில் மண்ணால் செய்த துரியோதனன் நெடிதாகப் படுத்திருப்பான். கூத்தில் பீமன் அவன் தொடையைப் பிளப்பதையும், செந்நிறம் பீறிடுவதையும், திரௌபதி தன் கூந்தலை முடிவதையும் சிறுபிள்ளைகள் முதல் எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் படுகளம் அத்தோடு முடிவதில்லை. அதே மண்ணுடலின் பக்கத்தில் ஒப்பாரி எழுகிறது. நூறு பிள்ளைகளைப் பெற்ற காந்தாரிக்காகவும் ஊர் அழுகிறது. பழி தீர்ந்த மகிழ்ச்சியும் பகைவன் வீட்டுத் துயரமும் ஒரே வெயிலில், ஒரே கூட்டத்தின் நடுவே நிற்கின்றன.

மனித மனம் வேண்டுவது தன் செயலுக்கு ஒரு விளைவு. அந்த வேட்கை தூயது. வாழ்க்கை அதை மறுக்கும்போது எங்கே கிடைக்கிறதோ அங்கே அது போகும், இரத்தம் சிந்தும் திரையானாலும் போகும். ஆனால் விளைவு என்பது வென்றவனின் கண்ணுக்குத் தெரியும் எல்லையில் நின்றுவிடுவதில்லை. விழுந்தவனின் வாசல் வரை, அவன் தாயின் அடுப்பு வரை, அவன் பிள்ளைகளின் மறுநாள் வரை அது நடந்து செல்கிறது. அந்தத் தூரம் முழுவதையும் மனத்தால் நடந்து பார்க்கக் கற்றவனே தன் செயலை முழுமையாக அறிந்தவன். அந்தத் தூரத்தை வெட்டிவிட்டு விளைவின் இனிப்பை மட்டும் தரும் எந்த ஏற்பாடும், அது ஒரு விளையாட்டானாலும் ஆற்றில் சாம்பல் விடும் தொழிலானாலும், தன் செயலை முழுமையாக அறியும் திறனைத்தான் மனிதனிடமிருந்து பறிக்கிறது.

இந்தக் கரை இளைஞர்களின் முன்னோர் அந்தத் தூரத்தை அறிந்திருந்தார்கள். பழவேற்காட்டு ஏரி மீனவர்களிடம் 'பாடு' என்ற முறை தலைமுறைகளாக உண்டு. வலை கட்டும் இடத்தை ஒருவரே தனக்கென்று வைத்துக்கொள்ள முடியாது. பாடு உரிமை உள்ளவர்களுக்கு அது முறை வைத்துச் சுற்றி வரும். அதை ஊர் கூடிப் பேசித்தான் முடிவு செய்வார்கள். இன்று அத்தகைய கூட்டத்துக்கு நிகராக இந்தக் கரைக்கு எஞ்சியிருப்பது கருத்துக்கேட்புக் கூட்டம். துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்கான அந்தக் கூட்டம் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போடப்பட்டது. அது மீண்டும் அறிவிக்கப்படும் நாளில் மேடையில் அதிகாரிகளும் முன்வரிசையில் பெரியவர்களும் மட்டும் இருந்தால் போதாது. ஷிப்டு முடித்து வரும் இருபது வயதுக்காரன், வேலை போய்விடுமோ என்ற அச்சமில்லாமல், மைக்கைப் பிடித்துத் தன் பெயரைச் சொல்லிப் பேச வேண்டும். அவன் பேசியது அறிக்கையில் அவன் பெயரோடு ஏற வேண்டும்.